ஸ்கிரீன் பார்த்தா கண்ணு எரியுது, தலை வலிக்குது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூர்ல ஒரு ஆபீஸ்ல கம்ப்யூட்டர் மாட்டிக் குடுக்குற டீம்ல இருக்கேன், அதனால "அக்கா இந்த மானிட்டர் ஒத்துக்கல, வேற குடுங்க"ன்னு வர்றவங்க எல்லாம் எங்கிட்டதான் வருவாங்க, அது போக சொந்தக்காரங்க, நம்ம அடுக்குமாடி ப்ளாக்ல இருக்குறவங்கன்னு எல்லாரும் கேக்குறது சுத்திச் சுத்தி இதே கேள்விங்கதான். ஒரே எடத்துல எழுதிட்டா லிங்க் அனுப்பிடலாம்ல. நான் டாக்டர் இல்ல, அதை மனசுல வச்சுக்கிட்டுப் படிங்க.

ஸ்கிரீன் பார்த்தாலே கஷ்டமா இருக்கு. இது என்ன வியாதி?

ஒரு வியாதி கெடையாது, அங்கதான் எல்லாரும் கொழம்புறாங்க. "ஸ்கிரீன் ஒத்துக்கல"ன்னு பத்து பேர் சொன்னா அதுல நாலு வெவ்வேற பிரச்சினை இருக்கும். கண்ணு காய்ஞ்சு போறது ஒண்ணு. கிட்டத்துலயே பார்த்துப் பார்த்து கண்ணோட ஃபோகஸ் தசை களைச்சுப் போறது, இல்ல கண்ணாடி பவர் சரியில்லாதது இன்னொண்ணு. ஸ்கிரீன் வெளிச்சம் நம்ம கண்ணுக்குத் தெரியாம விட்டு விட்டு எரியுறது (ஃப்ளிக்கர்) சிலருக்கு மட்டும் ஒத்துக்காது, அது மூணாவது. உக்கார்ற லட்சணத்தால கழுத்துலேர்ந்து கிளம்புற தலைவலி நாலாவது. ஒண்ணுக்கு செய்யுற வைத்தியம் இன்னொண்ணுக்குக் கேக்காது. கண்ணு காய்ஞ்சவங்க புது மானிட்டர் வாங்குவாங்க, ஃப்ளிக்கர் ஒத்துக்காதவங்க ட்ராப்ஸ் மேல ட்ராப்ஸா ஊத்துவாங்க, ரெண்டு பேருக்கும் காசுதான் போகும்.

எனக்கு எதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

எந்த ஸ்கிரீன், எவ்வளவு நேரத்துல, என்ன பண்ணுது. இந்த மூணையும் ஒரு வாரம் எழுதி வைங்க, டாக்டர்கிட்ட போனாலும் இதைத்தான் கேப்பாங்க.

காலைல நல்லா இருந்து மத்தியானத்துக்கு மேல மணல் விழுந்த மாதிரி உறுத்துது, கண்ணை மூடினா சுகமா இருக்கு, அப்பப்போ தண்ணியும் வடியுதுன்னா பெரும்பாலும் காய்ஞ்ச கண்ணு (காய்ஞ்ச கண்ணுல தண்ணி வருமான்னு கேப்பீங்க, வரும், எரிச்சலுக்குத்தான் அது கொட்டுது). ரெண்டு மணி நேரம் எக்செல் பார்த்துட்டு நிமிர்ந்தா பஸ் நம்பர் மங்கலா தெரியுது, கொஞ்ச நேரத்துல சரியாகுதுன்னா ஃபோகஸ் களைப்பு. ஒரு குறிப்பிட்ட ஃபோன், இல்ல ஒரு குறிப்பிட்ட லேப்டாப்ல மட்டும் கொஞ்ச நேரத்துலயே கண்ணுக்குப் பின்னாடி அழுத்துது, குமட்டுது, அதை மூடி வச்ச பிறகும் ரொம்ப நேரம் போக மாட்டேங்குது, ஆனா பழைய டிவியோ பழைய ஃபோனோ எவ்வளவு பார்த்தாலும் ஒண்ணும் ஆகலைன்னா அப்பதான் ஃப்ளிக்கரை சந்தேகப்படணும். மைக்ரேன் இருக்குறவங்களுக்கு வெளிச்சமே ஆகாது, அவங்களுக்கு இது எல்லாமே கூடுதலாத்தான் இருக்கும்.

வெளிய போனா வேர்த்துக் கொட்டுது, இந்த ஊர்ல போய் கண்ணு எப்படிக் காயும்?

நல்ல கேள்வி. சிங்கப்பூர்ல வெளிய காத்துல ஈரப்பதம் சராசரியா 80 சதவீதத்துக்கு மேல, ஆனா நாம வெளியவா இருக்கோம்? வீட்டுலேர்ந்து எம்ஆர்டி ரயில், எம்ஆர்டிலேர்ந்து ஆபீஸ், ராத்திரி ரூம்லயும் ஏர்கான். ஏர்கான் காத்தை குளிர வைக்கிறப்பவே அதுல இருக்குற ஈரத்தையும் எடுத்துடும், அந்த டப்பாலேர்ந்து வெளிய சொட்டுற தண்ணி வேற எங்கேர்ந்து வருதுன்னு நினைக்கிறீங்க. இது போதாதுன்னு ஸ்கிரீனை உத்துப் பார்க்குறப்போ இமைக்க மறந்துடுறோம். சாதாரணமா நிமிஷத்துக்கு 15 தடவை போல இமைக்கிறவங்க ஸ்கிரீன் முன்னாடி 5, 6ன்னு எறங்கிடுறாங்க, அதுலயும் பாதி இமை முழுசா மூடாது. கண்ணீர் மேல ஒரு மெல்லிசான எண்ணெய்ப் படலம் இருக்கு, இமை ஓரத்துல இருக்குற சுரப்பிங்கதான் அதைக் குடுக்கும், முழுசா இமைச்சாதான் அது பரவும். பரவலைன்னா கண்ணீர் சீக்கிரமா ஆவியாயிடும்.

அதனால மொத வேலை, ஏர்கான் காத்து நேரா மூஞ்சில அடிக்குதான்னு பாருங்க. எங்க ஆபீஸ்ல ஒரு அக்காவுக்கு மாசக்கணக்கா எரிச்சல், ட்ராப்ஸ் மூணு பிராண்ட் மாத்திட்டாங்க, கடைசியில மேல இருந்த ஏர்கான் ஓட்டைக்கு ஒரு அட்டையை ஒட்டி காத்தைத் திருப்பி விட்டோம், முக்கால்வாசி சரியாப் போச்சு.

என்ன ட்ராப்ஸ் போடலாம்?

கண்ணீர் மாதிரி இருக்குற லூப்ரிகன்ட் ட்ராப்ஸ் மருந்துக்கடையில சீட்டு இல்லாமலே கெடைக்கும். ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல போட வேண்டி வந்தா ப்ரிசர்வேட்டிவ் (கெட்டுப் போகாம இருக்க சேர்க்குற மருந்து) இல்லாததுன்னு கேட்டு வாங்குங்க, குட்டிக் குட்டி பிளாஸ்டிக் குப்பியா வரும். கண்ணு சிவப்பை எடுக்கும்னு விக்கிற ட்ராப்ஸ் வேற ஜாதி, அது ரத்தக் குழாயை சுருக்கி வெள்ளையா காட்டும், விட்டதும் இன்னும் சிவக்கும், காய்ஞ்ச கண்ணுக்கு அது மருந்தே இல்ல. ராத்திரி வெதுவெதுப்பான துணியை மூடின இமை மேல 5, 10 நிமிஷம் வச்சு எடுத்தா அந்த எண்ணெய் சுரப்பிங்க அடைப்பு எளகும்.

20-20-20ன்னு சொல்றாங்களே, வேலை செய்யுமா?

20 நிமிஷத்துக்கு ஒரு தடவை, 20 அடி தூரத்துல, 20 விநாடி பார்க்கணும்னு. ஃபோகஸ் களைப்புக்கு நல்லது, காய்ஞ்ச கண்ணுக்கும் ஓரளவு உதவும், ஃப்ளிக்கர் ஒத்துக்காதவங்களுக்கு இது பெருசா ஒண்ணும் பண்ணாது. 20 அடின்னா 6 மீட்டர், வீவக (எச்டிபி) வீட்டு ரூமுக்குள்ள அவ்வளவு தூரம் கெடைக்காது, ஜன்னல் வழியா எதிர் ப்ளாக்கைப் பாருங்க (எதிர் வீட்டுக்குள்ள பார்க்காதீங்க, நம்பர் எழுதியிருக்குற சுவத்தைப் பாருங்க).

கண்ணாடிக் கடையில ப்ளூ லைட் கோட்டிங் போடச் சொல்றாங்க. போடவா?

கண்ணு களைப்புக்காகன்னா வேணாம். 2023ல மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்குற காக்ரேன் அமைப்பு இது சம்பந்தமா நடந்த 17 ஆய்வுகளை ஒண்ணா வச்சுப் பார்த்துச்சு, சாதாரண லென்ஸைவிட இது ஸ்கிரீன் களைப்பைக் குறைக்கும்னு சொல்றதுக்கு ஆதாரம் கெடைக்கல, கொஞ்ச நாள் போட்டுப் பார்த்தவங்ககிட்ட வித்தியாசமே இருக்காது போலன்னுதான் முடிச்சாங்க. ஸ்கிரீன்லேர்ந்து வர்ற நீல ஒளி பகல்ல ஜன்னல் பக்கத்துல நின்னா வர்றதுல ஒரு துளிதான். அந்தக் காசுக்கு ஒழுங்கா ஒரு பவர் டெஸ்ட் பண்ணிக்கலாம். ஏற்கெனவே போட்டிருந்தா கழட்டி எறிய வேணாம், கெடுதல் ஒண்ணும் இல்ல.

ஃப்ளிக்கர்னா என்ன? என் ஃபோன் மினுக்குற மாதிரியே தெரியலையே?

இதைக் கொஞ்சம் விலாவாரியா சொல்றேன், ஏன்னா இதைத்தான் யாரும் நம்ப மாட்டேங்குறாங்க, டாக்டர்கூட சில பேர் "டென்ஷன் தலைவலிம்மா"ன்னு பனடால் குடுத்து எம்சி (மெடிக்கல் லீவு சீட்டு) எழுதி அனுப்பிடுவாங்க.

ஸ்கிரீன் வெளிச்சத்தைக் குறைக்க ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, நெசமாவே கரண்ட்டைக் குறைச்சு மங்கலா எரிய விடுறது. இன்னொண்ணு, முழு வெளிச்சத்துலயே எரிய விட்டு, படபடன்னு அணைச்சு அணைச்சுப் போடுறது. பாதி நேரம் அணைஞ்சிருந்தா நம்ம மூளை அதைப் பாதி வெளிச்சம்னு எடுத்துக்கும். இந்த ரெண்டாவதுக்குப் பேரு பிடபிள்யூஎம். பல ஓஎல்இடி (ஒவ்வொரு புள்ளியும் தானாவே எரியுற ஸ்கிரீன்) ஃபோன்ல இது 240 ஹெர்ட்ஸ், 480 ஹெர்ட்ஸ்னு ஓடும், அதாவது விநாடிக்கு அத்தனை தடவை அணைஞ்சு எரியும். நேரா பார்த்தா தெரியாது, நம்ம கண்ணு பொதுவா விநாடிக்கு 60, 90 தடவைக்கு மேல போனா ஒரே வெளிச்சமாத்தான் பார்க்கும். ஆனா கண்ணு ஒரு எடத்துல நிக்குறதில்லையே, வரி படிக்கிறப்போ தாவித் தாவித்தான் போகும், அந்தத் தாவல்ல இந்த விட்டு விட்டு எரியுறது விழித்திரையில புள்ளி புள்ளியா விழும். வெளிச்சம் குறைக்கக் குறைக்க அணைஞ்சிருக்குற நேரம் கூடும், அதனாலதான் பல பேருக்கு ராத்திரி மங்கலா வச்சுப் பார்க்குறப்போ தலைவலி ஜாஸ்தி.

கண்ணுக்குத் தெரியாத மினுக்கல் உடம்பைப் பண்ணுமான்னா, பண்ணும்னு ஃபோன் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே காட்டிட்டாங்க. 1989ல இங்கிலாந்துல ஆர்னல்ட் வில்கின்ஸும் கூட இருந்தவங்களும் ஒரு ஆபீஸ்ல பழைய சோக் போட்ட டியூப்லைட்டையும் ரொம்ப வேகமா ஓடுற எலக்ட்ரானிக் சோக் போட்ட டியூப்லைட்டையும் மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்தாங்க. பழைய டியூப்லைட் விநாடிக்கு 100 தடவை மினுக்கும், யாருக்கும் தெரியாது. வேகமான லைட் போட்டப்போ தலைவலி, கண்ணு வலி சராசரியா பாதிக்கும் கீழ போச்சு. எல்லாருக்கும் ஒரே மாதிரி குறையல, சில பேருக்குத்தான் ரொம்ப வித்தியாசம் தெரிஞ்சது. இன்னிக்கும் அப்படித்தான், ஒரே ஃபோனை வச்சுக்கிட்டு புருஷனுக்கு ஒண்ணும் ஆகாது, பொண்டாட்டிக்கு மண்டை பொளக்கும். அதுக்காக அவங்க நடிக்கிறாங்கன்னு அர்த்தம் இல்ல.

என் ஸ்கிரீன் மினுக்குதான்னு வீட்டுலயே பார்க்க முடியுமா?

முடியும். ரூம் லைட்டை அணைச்சுட்டு ஸ்கிரீன்ல வெள்ளைப் பக்கம் ஒண்ணைத் திறந்து வெளிச்சத்தை நாலுல ஒரு பங்குக்கு எறக்குங்க. ஒரு பேனாவை ஸ்கிரீன் முன்னாடி பிடிச்சு வேகமா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டுங்க. மினுக்காத ஸ்கிரீன்னா பேனா ஒரே கலங்கலா, புகை மாதிரி தெரியும். மினுக்குறதுன்னா பேனா தனித்தனியா, விசிறி மடிப்பு மாதிரி அஞ்சாறு நிக்கும். எல்லா ஸ்கிரீனும் புதுப் படம் காட்டக் காட்ட கொஞ்சம் மாறும்ங்கறதால லேசா தெரிஞ்சா கண்டுக்காதீங்க, பளிச்சுன்னு தனித்தனியா நின்னா அதுதான். இன்னொரு வழி, வேற ஒரு ஃபோன் கேமராவுல ப்ரோ மோட் போட்டு ஷட்டரை 1/1000 மாதிரி வேகமா வச்சு ஸ்கிரீனைப் பாருங்க, கறுப்புக் கறுப்பா பட்டை ஓடுனா மினுக்கல் இருக்கு. பட்டை அகலமா இருந்தா அந்த ஸ்கிரீன் மெதுவா மினுக்குது, அதாவது மோசம்.

ஃபோனை மாத்த வசதி இல்ல. வேற என்ன பண்ணலாம்?

ஃபோன் பிரைட்னஸை மேல தூக்கி வைங்க, பாதிக்கு மேல, ஆட்டோ பிரைட்னஸை அணைச்சுடுங்க. கண்ணு கூசுமே, அதுக்கு ஐஃபோன்ல ரெட்யூஸ் வைட் பாயின்ட்னு அக்சஸிபிலிட்டில ஒண்ணு இருக்கு, ஆண்ட்ராய்டு 12லேர்ந்து எக்ஸ்ட்ரா டிம்னு இருக்கு. இது லைட்டைத் தொடாம படத்தோட வெள்ளையை மட்டும் மங்கலாக்கும். எல்லா ஃபோன்லயும் ஒரே மாதிரி வேலை செய்யாது, போட்டுட்டு பேனா டெஸ்ட்டை மறுபடியும் பண்ணிப் பாருங்க. சில ஃபோன்ல டிசி டிம்மிங் (அணைச்சு அணைச்சுப் போடாம கரண்ட்டைக் குறைக்கிற வழி), ஃப்ளிக்கர் ரிடக்ஷன்னு தனி பட்டனே இருக்கு, தேடிப் பாருங்க. ராத்திரில லைட்டை அணைச்சுட்டு இருட்டுல பார்க்குறதை விட்டாலே பாதி குறையும், ஏன்னா வெளிச்சத்தை எறக்க வேண்டிய அவசியமே வராது.

ஆபீஸ் மானிட்டர்ல?

ஃப்ளிக்கர் ஃப்ரீன்னு போட்ட மானிட்டர் இப்போ நிறைய வந்தாச்சு, பிரச்சினை பெரும்பாலும் பழைய லேப்டாப்பும் புது ஓஎல்இடி லேப்டாப்பும்தான். பிரைட்னஸை நூறுக்கு ஏத்திட்டு கான்ட்ராஸ்ட்டைக் குறைச்சு ஒரு நாள் ஓட்டிப் பாருங்க. வேற மானிட்டரை கேபிள் போட்டு மாட்டினா தலைவலி இல்லைன்னா லேப்டாப் ஸ்கிரீன்தான் வில்லன். அப்பவும் வலிச்சா தித்தரிங் ஒண்ணு இருக்கு, குறைஞ்ச வண்ணம் உள்ள பேனல் பக்கத்து ரெண்டு நிறத்தை மாத்தி மாத்திக் காட்டி நடு நிறம் மாதிரி ஏமாத்தும், அதுவும் ஒத்துக்கலைன்னு சொல்றவங்க இருக்காங்க, ஆனா இதுக்கு ஆதாரம் பிடபிள்யூஎம் அளவுக்கு வலுவா இல்ல.

டார்க் மோட் போட்டா சரியாகுமா?

கூச்சம் இருக்குறவங்களுக்கு சுகமா இருக்கும். ஆனா அஸ்டிக்மேட்டிசம் (சிலிண்டர் பவர்) இருந்தா கறுப்புல வெள்ளை எழுத்து பிசிறடிக்கும், இன்னும் உத்துப் பார்ப்பீங்க. மினுக்கலை இது நிறுத்தாது.

வயசு நாப்பத்தஞ்சு ஆச்சு, ப்ரோக்ரஸிவ் கண்ணாடி (தூரம், கிட்டம் ரெண்டும் ஒரே லென்ஸ்ல) போட்டதுலேர்ந்து கழுத்து வலி. சம்பந்தம் இருக்கா?

நூத்துக்கு நூறு இருக்கு அண்ணே. அந்தக் கண்ணாடில கிட்டப் பார்க்குற பவர் அடியில இருக்கு, மானிட்டரோ நேரா எதிர்ல. அதனால நாள் பூரா தாடையைத் தூக்கி மூக்கு வழியா பார்க்குறீங்க. நான் மானிட்டர் மாட்டப் போறப்போ கண்ணாடி போட்ட ஆளுங்ககிட்ட மொத பார்க்குறது தாடையைத்தான். மானிட்டரை நல்லா கீழ எறக்குங்க, புத்தகம் மேல ஏத்தி வச்சிருந்தா புத்தகத்தை எடுத்துடுங்க. மத்தவங்களுக்கு மானிட்டர் மேல் விளிம்பு கண்ணு மட்டத்துல இருக்கலாம், உங்களுக்கு அது ஆகாது. தூரம் 50லேர்ந்து 70 சென்டிமீட்டர், கையை நீட்டினா விரல் தொடுற அளவு. கம்ப்யூட்டர் வேலையே முழுநேரம்னா ஸ்கிரீன் தூரத்துக்குன்னே ஆபீஸ் லென்ஸ்னு தனியா இருக்கு, ஆப்டோமெட்ரிஸ்ட்கிட்ட (பவர் பார்க்குறவங்க) உங்க மேசைக்கும் ஸ்கிரீனுக்கும் எவ்வளவு தூரம்னு அளந்து எடுத்துட்டுப் போய் சொல்லுங்க, அந்த ஒரு நம்பர் இல்லாம அவங்களும் குத்துமதிப்பாத்தான் போடுவாங்க.

ஸ்க்ரோல் பண்ணா வாந்தி வர்ற மாதிரி இருக்கு.

இது பஸ்ல போறப்போ வர்ற தலைசுத்தல் சொந்தக்காரன். கண்ணு நகருதுன்னு சொல்லும், காதுக்குள்ள இருக்குற பேலன்ஸ் உறுப்பு நகரலைன்னு சொல்லும், மூளை கொழம்பிடும். செட்டிங்ஸ்ல ரெட்யூஸ் மோஷன் போடுங்க, அனிமேஷன் நின்னுடும். டபுள் டெக்கர்ல மாடியில உக்காந்து ரீல்ஸ் பார்த்துட்டு குமட்டுதுன்னு சொன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது.

ஸ்கிரீன் முன்னாடி உக்காந்தா மூஞ்சி எரியுது. ரேடியேஷனா?

1980கள்ல ஸ்வீடன், நார்வே பக்கம் ஆபீஸ்ல வேலை செஞ்ச நிறைய பேர் இதையேதான் சொன்னாங்க, மூஞ்சி எரியுது, சிவக்குதுன்னு. அப்போ பெரிய டப்பா மானிட்டர், அதுல ஸ்டாட்டிக் கரண்ட் நிக்கும், ரூம் காத்தும் ரொம்ப வறண்டது. மானிட்டர்ல கதிர்வீச்சு அளவுக்கு வரம்பு வைக்கிற விதி எல்லாம் அங்கேர்ந்துதான் வந்துச்சு. மின்காந்த அலை உடம்புல படுறது தனக்குத் தெரியும்னு சொன்னவங்களை யாருக்கும் தெரியாம ஆன், ஆஃப் பண்ணி சோதிச்சாங்க, அவங்களால கண்டுபிடிக்க முடியலைன்னு உலக சுகாதார நிறுவனம் 2005ல தொகுத்து எழுதியிருக்கு. அதே அறிக்கைல அவங்க படுற அவஸ்தை நெசம்னும் எழுதியிருக்கு. எரிச்சல் இருந்தா ஏர்கானால காய்ஞ்ச தோல், ரோசேசியா (மூஞ்சி சிவக்குற தோல் பிரச்சினை), புது க்ரீம் இதையெல்லாம் மொத பாருங்க. வைஃபையைக் கழட்ட வேணாம்.

டார்மிட்டரில (தொழிலாளர் விடுதி) இருக்கோம்க்கா, ராத்திரி வீட்டுக்கு வீடியோ கால் பண்ணா கண்ணு அவிஞ்சு போகுது.

லைட் அணைச்சப்புறம் மேல் பங்க்ல (அடுக்குக் கட்டில்) படுத்துக்கிட்டு ஃபோனை மூஞ்சிக்கு ஒரு ஜாண் தூரத்துல பிடிக்கிறீங்க, ஃபேன் வேற கண்ணுல அடிக்குது. பகல் பூரா சைட்ல வெயிலும் தூசியும் பட்ட கண்ணு அது. மொத கண்ணு சுத்தி நல்லா கழுவிட்டு பேசுங்க. ஃபோனை தலகாணி மேல சாய்ச்சு வச்சு தள்ளி உக்காருங்க, தம்பி, அம்மாவுக்கு உங்க மூஞ்சி முழுசா தெரியும். ஒரு சின்ன க்ளிப் லைட் வாங்கி பங்க் செவுத்துப் பக்கம் திருப்பி மாட்டிக்கங்க, அடுத்த பங்க் ஆளுக்கும் தொந்தரவு இருக்காது.

கோடாலித் தைலம் தடவலாமா?

நெத்திப் பொட்டுல லேசா தடவுங்க, தப்பில்ல. கண்ணுக்குப் பக்கத்துல, இமை மேல எல்லாம் தடவிட்டு ஸ்கிரீன் முன்னாடி உக்காந்தா அந்த ஆவியே கண்ணை எரிச்சுடும், அப்புறம் ஸ்கிரீனாலதான்னு சொல்வீங்க.

பிள்ளைங்களுக்கு?

பிள்ளைங்க விஷயத்துல எரிச்சலைவிட கிட்டப்பார்வைதான் பெரிய கவலை, இங்க இளவயசுக்காரங்கள்ல பத்துக்கு எட்டு பேர்கிட்ட அது இருக்கு. சுகாதார அமைச்சு 2025 ஜனவரில சொன்னது: 18 மாசத்துக்குக் கீழ ஸ்கிரீனே வேணாம், வீடியோ கால் மட்டும் பரவால்ல, 6 வயசு வரைக்கும் ஸ்கூல் வேலை போக நாளைக்கு 1 மணி நேரத்துக்குள்ள, 7லேர்ந்து 12 வரைக்கும் 2 மணி நேரத்துக்குள்ள. அதோட தெனம் வெளிய விளையாட விடுங்க, பகல் வெளிச்சம்தான் கிட்டப்பார்வை வர்றதைத் தள்ளிப் போடும். பிள்ளைங்க "கண்ணு வலிக்குது"ன்னு சொல்லாது, அடிக்கடி கண்ணைச் சிமிட்டும், தேய்க்கும், டிவி கிட்ட போய் நிக்கும்.

பளிச் பளிச்சுன்னு அடிக்கிற கேம், வீடியோ பார்த்து பிள்ளை ஒரு நிமிஷம் வெறிச்சுப் பார்த்தாலோ கை கால் வெட்டினாலோ அது வேற விஷயம். 1997 டிசம்பர்ல ஜப்பான்ல ஒரு கார்ட்டூன்ல சிவப்பும் நீலமும் மாறி மாறி அடிச்சு 600க்கு மேல பிள்ளைங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. அப்படி ஏதாவது பார்த்தா தள்ளிப் போடாம டாக்டர்கிட்ட காட்டுங்க.

எப்போ கட்டாயம் டாக்டர்கிட்ட போகணும்?

திடீர்னு பார்வை போறது, ஓரத்துல திரை விழுந்த மாதிரி மறைக்கிறது, மின்னல் மாதிரி பளிச்சிட்டு புதுசா கறுப்புப் புள்ளி நிறைய மிதக்குறது, ஒரு கண்ணு மட்டும் சிவந்து கடுமையா வலிக்கிறது, லைட்டைச் சுத்தி வளையம் தெரிஞ்சு தலைவலி வாந்தியோட வர்றது. இதுல எது வந்தாலும் ஸ்கிரீனைப் பழி போட்டுக்கிட்டு உக்காராதீங்க, அன்னிக்கே அவசரப் பிரிவுக்குப் போங்க. கிட்டப்பார்வை பவர் அதிகமா இருக்குறவங்களுக்கு விழித்திரை கழண்டுக்குற ஆபத்து கூட. மத்தபடி வாரக்கணக்கா எரிச்சல் போகலைன்னா பாலிகிளினிக்ல காட்டி அங்கேர்ந்து சீட்டு வாங்கிட்டு கண் ஆஸ்பத்திரிக்குப் போனா மானிய விலை கெடைக்கும், நேரா போனா முழு விலை.

ஆபீஸ்ல மானிட்டர் மாத்தித் தாங்கன்னா "எல்லாருக்கும் அதுதானே"ன்னு சொல்றாங்க.

"கண்ணு வலிக்குது"ன்னு மட்டும் எழுதினா அந்த ஈமெயில் அங்கேயே தூங்கும். நான் அந்த ஈமெயில் வாங்குற ஆளுங்கறதால சொல்றேன், மாடல் நம்பர், எத்தனை நிமிஷத்துல வலி ஆரம்பிக்குது, எந்த மானிட்டர்ல வலிக்கல, இதை எழுதி அனுப்புங்க. கேமராவுல பட்டை ஓடுற வீடியோவையும் சேர்த்து அனுப்பினா வேலை இன்னும் சுலபம், ஸ்டோர்ல சும்மா கெடக்குற மானிட்டர் ஒண்ணை ஒரு வாரத்துக்கு மாட்டிப் பார்க்க யாரும் முடியாதுன்னு சொல்ல மாட்டாங்க. சிங்கப்பூர்ல ஆபீஸ் உக்கார்ற வசதிக்குன்னே எஸ்எஸ் 514னு ஒரு நடைமுறைக் குறிப்பு இருக்கு, எச்ஆர்கிட்ட அந்த நம்பரை சொன்னா கொஞ்சம் நிமிர்ந்து உக்காருவாங்க.

புது ஃபோன் வாங்கப் போறேன், எதைப் பார்க்கணும்?

மினுக்கல் ஒத்துக்காதவங்களுக்கு எல்சிடி (பின்னாடி தனி லைட் வச்ச ஸ்கிரீன்) ஃபோன்தான் பெரும்பாலும் பத்திரம் (ஐஃபோன் 11 எல்சிடிதான், அதனாலதான் அதை விடாம வச்சிருக்குறவங்க இருக்காங்க). ஓஎல்இடிதான் வேணும்னா 3840 ஹெர்ட்ஸ் மாதிரி பெரிய நம்பர் போட்டிருக்குறதைப் பாருங்க, 3000 ஹெர்ட்ஸுக்கு மேல போனா பாதிப்பு தெரியாதுன்னு ஐஇஇஇங்கற மின்பொறியாளர் அமைப்பு 2015ல குறிச்சிருக்கு. நம்பரை மட்டும் நம்பாம சிம் லிம், முஸ்தஃபா மாதிரி எந்தக் கடையில ஆகட்டும், டெமோ ஃபோனைக் கையில எடுத்து பிரைட்னஸை நல்லா எறக்கி ஒரு பத்து நிமிஷம் ஏதாவது படிச்சுப் பாருங்க. கடைக்காரங்க டெமோ ஃபோனை எப்பவும் முழு வெளிச்சத்துலதான் வச்சிருப்பாங்க, எறக்காம பார்த்துட்டு வாங்கிட்டு வந்தா வீட்டுல ராத்திரிதான் தெரியும்.